தண்ணிக் காகிதம்

சூஹோடோல், 11 மார்ச் 2008

எஞ்சினியரம்மா பிலியானாவுக்கு,

செர்னோபில் உலை வெடித்து, அந்த மேகம் நம் தலைக்கு மேல் வந்து மே மாத ஊர்வலத்தில் மழையாகக் கொட்டியது பாருங்கள், அந்த வருஷம். கீரை தின்னாதே என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கட்சி அலுவலகத்துச் சமையற்காரி கீரை வாங்குவதை நிறுத்தினாள், அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். மெக்ஸிகோவில் நம் பந்தாட்டக்காரர்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனதும் அதே வருஷம். அந்த வருஷக் கடைசியில்தான் நீங்கள் ஒரு மடக்கு மேசையோடு எங்கள் புகையிலைக் கொட்டகையில் வந்து இறங்கினீர்கள். மேசையைத் தூக்கி வந்தவன் நான். தராசில் மூட்டை ஏற்றுகிற ரமிஸ்.

எனக்கு எழுத்துத் தெரியாது. இதை எழுதுகிறவள் தபால்காரி சில்வியா. நான் சொல்வதைச் சொன்னபடி எழுதுவதாகச் சம்மதித்திருக்கிறாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கொள்முதல்காரன் முன்னால் யாரும் காகிதத்தைப் படிக்கக் கூடாது. படித்தால் அவனைச் சந்தேகப்படுகிறாய் என்று ஆகும். அடுத்த மூட்டையை மூன்றாம் தரம் என்று தள்ளுவான். அதனால் படிக்கத் தெரிந்தவனும் படிக்க மாட்டான், மடித்துப் பையில் போடுவான். கடன் காகிதமா, பணக் காகிதமா என்பது வீட்டுக்குப் போன பிறகுதான்.

அதற்குத்தான் நீங்கள் மருந்து கொண்டுவந்தீர்கள். ஒவ்வொரு அட்டையிலும் எழுத்துக்குப் பின்னால் மங்கலாக ஒரு கோலம். நெளி நெளியாக ஒன்று, ஓட்டை ஓட்டையாக ஒன்று, உருண்டை உருண்டையாக ஒன்று. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே அர்த்தமில்லாமல் கிறுக்கி வைத்திருந்தீர்கள், படித்தவனும் படிக்காதவனும் ஒன்றாகிவிட வேண்டும் என்று. ஒரு கண் சிமிட்டுகிற நேரம் காட்டித் துணியைப் போட்டு மூடினீர்கள். அப்புறம் இடத்தை மாற்றிப் போட்டுக் கேட்டீர்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் தடுமாறவில்லை. அதற்குப் பேர் வைத்ததும் அவர்கள்தான்: தண்ணி, சல்லடை, ஆலங்கட்டி. மறு வருஷம் கூட்டுறவுக்காரர்கள் அதே மாதிரி அச்சடித்தார்கள். தண்ணி என்றால் நமக்குப் பணம் வருகிறது. சல்லடை என்றால் நாம் தர வேண்டும். ஆலங்கட்டி என்றால் பயிர்ச் சேதம். அன்று முதல் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு மேலே ஈயச் சுரங்கத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கி வைக்கும் குளம் இருக்கிறது. அதன் சுவரை இன்னும் உயர்த்தி, இன்னும் சேறு கொட்ட வேண்டுமாம். அதற்குக் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், அது சட்டம். குளிர்காலத்தில் கம்பெனி ஆள் ஒருவன் வந்தான். யாவோர் என்று பேர். நல்ல சட்டை, நல்ல பேச்சு. கொண்டுவந்தது தண்ணிக் காகிதம். புகையிலை உதவித்தொகை என்று நினைத்து எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் கட்டை விரலை வைத்தேன்.

நஸிஃபே மட்டும் வைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவளுக்குக் கண்ணில் பால் விழுந்து பார்வை இல்லை. நான் அப்போது அவள் வீட்டு விறகை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன காகிதம், தம்பி?" என்றாள்.

"எப்பவும் வர்றதுதாம்மா. எல்லாரும் போட்டாச்சு."

"அப்ப என்னையும் சேத்து அவங்களையே போடச் சொல்லு. இல்லேன்னா படி."

"நீளமா இருக்கே."

"இருக்கட்டும். கோழி அடையற வரைக்கும் எனக்கு வேற சோலி கிடையாது."

படித்தான். ஒரு இடத்தில் அவள் கையைத் தூக்கினாள். "இப்ப மூச்சு வாங்கின பாரு, அங்க ஒரு வரி கீழ விழுந்துச்சு. அதையும் பொறுக்கிப் படி."

விழுந்த வரி இதுதான்: மேலிருந்து கீழே எது வந்தாலும் இழப்பீடு கேட்க மாட்டேன்.

"மேல இருந்து என்னப்பா வரும்?" என்றாள் நஸிஃபே. அவன் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

எஞ்சினியரம்மா, நகராட்சிக் குமாஸ்தா சொல்கிறான்: கைநாட்டு என்றால் கைநாட்டுதான், சோபியாவிலிருந்து படித்தவர் யாராவது வந்து வேறு மாதிரி சொன்னால் நீதிமன்றம் கேட்கலாம் என்று. எங்களுக்குத் தெரிந்த படித்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்தக் கோலத்தைப் பார்த்தால் எங்கள் கண் எழுத்துக்குப் போகாது என்று வந்து சொல்லுங்கள்.

ரமிஸ்


சோபியா, 2 ஏப்ரல் 2008

மதிப்பிற்குரிய ரமிஸ் ஆகா (உங்கள் ஊரில் பெரியவர்களை இப்படித்தானே அழைப்பார்கள்),

உங்கள் கடிதம் பழைய நிறுவனத்தின் முகவரிக்குப் போய் அலைந்து திரிந்து என்னிடம் வந்தது. உங்களை மறக்கவில்லை. மேசையின் கால் ஒன்று ஆடியதும் நீங்கள் அதற்குப் புகையிலைத் தண்டு வைத்துச் சரிசெய்ததும் நினைவிருக்கிறது.

நடந்தது வருத்தமானது. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். என் சோதனை ஒரு சிறிய கேள்விக்காக நடந்தது: பின்னணிக் கோலத்தை வைத்து ஒருவர் காகிதத்தை எவ்வளவு விரைவாக அடையாளம் காண்கிறார்? உங்களுக்கு உதவத்தான் செய்தேன். ஒரு கத்தியைச் செய்தவரிடம், பிறகு அதை யார் எதற்கு எடுத்தார்கள் என்று கேட்பது நியாயமில்லை. அந்தக் காலத்துக் குறிப்புகளும் இப்போது இல்லை. நிறுவனத்தை மூடியபோது எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது.

ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். யாவோர் கொண்டுவந்த காகிதத்தில் நெளிகள் எப்படி இருந்தன? பழையதைப் போல அகலமாகவா, அல்லது நெருக்கமாக, ஓரத்தில் மட்டும் அடர்ந்தா? சில்வியா ஒரு நகல் அனுப்ப முடியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிலியானா


சூஹோடோல், 20 ஏப்ரல் 2008

பிலியானா,

நகல் இதோடு இருக்கிறது. நெருக்கமாக, ஓரத்தில் அடர்ந்துதான் இருக்கிறது. அது உனக்கு எப்படித் தெரிந்தது?

'நீ' என்றா எழுத, 'நீங்கள்' என்றா என்று சில்வியா கேட்கிறாள். நான் சொன்னதையே எழுது என்றேன்.

எங்கள் கழுத்தைப் பற்றி எழுதினால் நீ நெளியைப் பற்றிக் கேட்கிறாய். ஓடையில் சில நாள் காலையில் சாம்பல் கரைத்த மாதிரி தண்ணீர் வருகிறது. ஆடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. லாரிகள் சேற்றோடு மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. சுவரின் அடியில் ஈரம் கசிகிறது. போன வாரம் அந்த இடத்தில் மண் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி காலடியில் அமுங்கியது. காவலாளி என்னை விரட்டினான். "பெரியவரே, இங்க என்ன தேடறீங்க?" என்றான். "என் வீட்டைத் தேடறேன், அது இதுக்கு நேர் கீழ இருக்கு" என்றேன்.

யாவோர் இப்போது தினமும் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். எல்லாருக்கும் காசு அவன்தான் கொடுக்கிறான். நாங்களும் குடிக்கிறோம். எழுந்து போனால் பயந்துவிட்டான் என்பார்கள்.

எங்கள் பக்கம் ஒரு தடவை அரசாங்கக் காகிதம் வந்து எங்கள் முஸ்லிம் பேர்களையே மாற்றிவிட்டுப் போயிற்று. என் அப்பா வைத்த பேரை நான் பல வருஷம் வீட்டுக்குள் மட்டும் வைத்திருந்தேன். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் கோலம் எதுவும் இல்லை, வெறும் வெள்ளை. அதனால் அதைப் பார்த்துப் பயந்தோம். உன்னுடையதைப் பார்த்து யாருமே பயப்படவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கத்தி செய்தவள் என்கிறாய். சரி. அதை இப்போது யார் கையில் கொடுத்தாய், அதைச் சொல்.

ரமிஸ்


சோபியா, 9 ஜூன் 2008

ரமிஸ் ஆகா,

ஒன்றரை மாதமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு அச்சகம் என்னை வேலைக்கு எடுத்தது. வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் படிவம் வடிவமைப்பவர்கள். ஒரு சோதனை கேட்டார்கள். எந்தப் பின்னணி இருந்தால் காகிதத்தை விரைவில் கண்டுகொள்கிறார்கள் என்பதல்ல கேள்வி. எந்தப் பின்னணி இருந்தால் குறைவாகக் கேள்வி கேட்கிறார்கள் என்பது. வித்தியாசம் எனக்குப் புரிந்தது. புரியாதது போல இருந்தேன்.

ஓய்வூதியக்காரர்களை வரவழைத்தேன். அவர்களுக்குப் பழக்கமான படிவங்களின் கோலத்தைப் பயன்படுத்தினேன். உள்ளே, நடுப் பத்தியில், இப்படி ஒரு வரி வைத்தேன்: "எனது இடது காலணியை இந்தச் சோதனையை நடத்துபவருக்கு நிரந்தரமாக அளிக்கிறேன்." வெறும் வெள்ளைத் தாளில் வந்தபோது பெரும்பாலோர் சிரித்தார்கள், அல்லது கோபப்பட்டார்கள். ஒருவர் காலணியைக் கழற்றி மேசையில் வைத்து, "இந்தா, வலதும் வேணுமா?" என்றார். நெளிக் கோலத்தில் வந்தபோது ஏறக்குறைய எல்லாரும் கையெழுத்திட்டார்கள். நெளியை நெருக்கி ஓரத்தில் அடர்த்தியாக்கியபோது இன்னும் அதிகம். கண் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது, தெரிந்த முகத்தை வாசலில் பார்த்தது போல.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. இன்னொரு குழுவிடம் முன்கூட்டியே எச்சரித்தேன்: "இந்தக் காகிதங்களில் சிலவற்றில் உங்களுக்கு எதிரான ஒரு வரி இருக்கிறது, கவனமாக இருங்கள்." அவர்கள் தலையாட்டினார்கள். வெள்ளைத் தாளை விரல் வைத்துப் படித்தார்கள். நெளித் தாள் வந்ததும், "இது பரவாயில்லை, இது நம்மது" என்று கையெழுத்துப் போட்டார்கள். எச்சரிக்கை உதவவில்லை. மற்ற தாள்களில் ஆபத்தைத் தேட வைத்தது, அவ்வளவுதான்.

நான் இதை ஒரு ஆபத்தைச் சுட்டிக்காட்டும் அறிக்கையாக எழுதினேன். அவர்கள் செய்முறையாகப் படித்தார்கள். நீங்கள் அனுப்பிய நகலில் இருப்பது என் கோலம்தான்.

இதை வெளியே பேசக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது. பேசினால் வேலை போகும், அதற்கு மேலும் நடக்கலாம். இருந்தாலும் வருகிறேன். வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். நான் மட்டும் சொன்னால் அது ஒரு கருத்து என்று ஒதுக்குவார்களாம். அன்று என் அட்டைகளின் முன் உட்கார்ந்தவர்களில் ஒருவராவது உடன் நின்று, அந்தக் கோலம் எங்களுக்கு இப்படித்தான் கற்பிக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். மேசை தூக்கியவர் போதாது என்கிறார். அவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள்?

பிலியானா


சூஹோடோல், 24 ஆகஸ்ட் 2008

எஞ்சினியரம்மா,

உங்கள் கடிதத்தை சில்வியா எனக்கு இரண்டு தடவை படித்தாள். காலணி இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அப்புறம் வெளியே போய் உட்கார்ந்தேன்.

நீங்கள் கேட்டதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இதைக் கேளுங்கள். யாவோர் மறுபடி நஸிஃபே வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை கையில் காகிதம் இல்லை. தேனும் ஒரு செய்தியும் கொண்டுவந்தான். கம்பெனி செலவில் அவளைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய்க் கண்ணில் விழுந்த பாலை எடுக்கிறார்களாம். காரில் போய் காரில் வரலாம். ஒரு லெவா செலவில்லை.

அவன் போன பிறகு சொன்னேன். "நஸிஃபே, இது எதுக்குன்னு தெரியுதா? குருடி கிட்ட அந்தக் கோலம் பலிக்கல. அதனால குருட்டை எடுக்கறான்."

"தெரியாம என்ன? எனக்குக் கண்ணுலதான் பால், மூளையில இல்ல."

"அப்ப போகாத."

அவள் பீன்ஸ் உரித்துக்கொண்டே இருந்தாள்.

"ரமிஸ், என் மக ஸ்பெயின்ல தக்காளி பறிக்கறா. அவளுக்கு ஒரு புள்ள பொறந்து இப்ப பள்ளிக்கூடம் போவுது. போட்டோ அனுப்பறா. நான் அதைத் தடவிப் பாக்கறேன், வழவழன்னு இருக்கு. நீ வந்து அந்தப் புள்ளைக்கு மூக்கு யார் மாதிரின்னு சொன்ன. உனக்கு மூக்கைப் பத்தி என்னடா தெரியும்?"

"கண்ணு வந்தா கையெழுத்துப் போடுவே."

"நான் என்ன பச்சப் புள்ளையா? சொல்லிட்டீங்கல்ல, போட மாட்டேன்."

எச்சரிக்கை கேட்டவர்களும் போட்டார்கள் என்று நீங்கள் எழுதியதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? கண் தெரியாதவளிடம் போய்க் கண் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. உங்களால் முடியுமா?

ரமிஸ்


சோபியா, 5 செப்டம்பர் 2008

ரமிஸ் ஆகா,

என்னாலும் முடியாது. அவர் போகட்டும்.

ஆனால் திரும்பி வந்த பிறகு ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். யாவோர் காகிதத்தை நீட்டும்போது அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொண்டு, முன்பு கேட்டது போலவே, படி என்று கேட்க வேண்டும். பார்க்க ஆரம்பித்துவிட்டால் பிறகு கேட்கத் தோன்றாது. இது அறிவுரை அல்ல, என் சோதனை எண்களில் இருந்து நான் எடுத்த ஒரே வழி.

நேற்று அலுவலகத்தில் என் மேசை இழுப்பறையை யாரோ திறந்திருக்கிறார்கள். எதுவும் காணாமல் போகவில்லை. எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது, நான் ஒருபோதும் அப்படி அடுக்குவதில்லை. இனி என் சகோதரி முகவரிக்கு எழுதுங்கள்.

உங்கள் ஊருக்காக வழக்கறிஞர் போட்ட வழக்கின் விசாரணை நவம்பர் முதல் வாரம். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

பிலியானா


சூஹோடோல், 22 அக்டோபர் 2008

எஞ்சினியரம்மா,

நஸிஃபே வியாழக்கிழமை திரும்பி வந்தாள். காரிலிருந்து இறங்கினதும் என்னைத்தான் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருடா இந்தக் கிழவன்?"

"ரமிஸ்தான்."

"உன் குரல் இன்னும் நல்லா இருக்கு. அதோட நிறுத்திக்கிட்டிருக்கலாம்."

அன்று முழுக்க அவள் உட்காரவில்லை. கோழிகளை நிறம் சொல்லிக் கூப்பிட்டாள். போட்டோவை ஜன்னலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு மூக்கு செத்துப்போன அவள் புருஷனுடையது. நான் என்னுடைய புத்திக்கு வேறு யாரையோ சொல்லியிருந்தேன். மேலே பார்த்து, "அந்தச் சுவர் எப்ப இவ்வளவு வளந்துச்சு?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தினமும் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. சம்மதம் முழுசாக வருவதற்கு முன்னாலேயே உயர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் எழுதினதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றாள். தன் மகள் மேல் ஆணையாகச் சத்தியம் செய்தாள்.

சனிக்கிழமை யாவோர் வந்தான். நானும் சில்வியாவும் அங்கேதான் இருந்தோம். அவன் எங்களைப் போகச் சொல்லவில்லை. அவன் அவசரப்படவே இல்லை. மேகம், காளான், கண் சொட்டு மருந்து என்று பேசினான். ஒரு காகிதத்தை எடுத்து வைத்தான், வெறும் வெள்ளை. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "படி" என்றாள். படித்தான். ஆஸ்பத்திரிக் காகிதம், வேறொன்றும் இல்லை. சில்வியாவும் வாங்கிப் பார்த்தாள், சரிதான் என்றாள். நஸிஃபே சிரித்தாள், கையெழுத்துப் போட்டாள். அவளுக்குத் தன் பேரை மட்டும் எழுதத் தெரியும்.

அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அவன் அதை நீட்டவில்லை. வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டான், அடியில் இருந்தது மேசையிலேயே கிடந்தது. தண்ணி.

அவள் முகத்தை நான் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் கண்ணுக்கு மாறாமல் தெரிந்த முதல் பழைய பொருள் அது. மேலே விரலை ஓட்டினாள்.

"அட, இது நம்ம தண்ணிக் காகிதமாச்சே," என்றாள்.

"கண்ணை மூடு, நஸிஃபே," என்றேன்.

"பன்னெண்டு வருஷம் மூடித்தானே கெடந்தேன். இன்னும் மூடச் சொல்றியா?"

சில்வியா காகிதத்தைப் பிடித்து இழுத்தாள். நஸிஃபே அவள் கையைத் தட்டிவிட்டாள். "விடுடி, இது எனக்குத் தெரியும். இதுக்குப் படிக்கறவ வேண்டாம்." கையெழுத்துப் போட்டாள். அழகாகப் போட்டாள், கோணலில்லாமல். அவன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் மூன்று பேருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

கார் திரும்பின சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் அழவில்லை. "நான் படிக்கச் சொல்லலியே, ரமிஸ்," என்றாள். "ஏன் நான் படிக்கச் சொல்லல?" அதையே ராத்திரி சாப்பாடு வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. இன்னும் விடவில்லை. சுவரின் அடியில் கசிவது இப்போது சின்ன வாய்க்காலாக ஓடுகிறது. மேலே லாரி நிற்கவில்லை, விளக்குப் போட்டுக்கொண்டு வேலை நடக்கிறது. இரண்டு வீட்டுக்காரர்கள் கட்டில் பாத்திரத்தோடு கிளம்பிவிட்டார்கள். நஸிஃபே கிளம்ப மாட்டேன் என்கிறாள். விசாரணைக்கு வருகிறாளாம். "எனக்குச் சொன்னாங்க, நான் சத்தியமும் பண்ணினேன், அப்பவும் என் கை போட்டுச்சு. அதை நீதிபதி கிட்ட நானே சொல்றேன்," என்கிறாள். இதைவிட வேறு சாட்சி உங்களுக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனால் நவம்பர் வரை காத்திருக்காதீர்கள். பாதை அறுந்துபோவதற்குள் வாருங்கள், வந்து அவளைக் கூட்டிப்போங்கள்.

நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். உங்கள் மேசைக்கு முன்னால் அன்று உட்கார்ந்தவர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஹைரி, சிரிக்கும்போது வாயைப் பொத்துவானே, அவன் கட்டடத்திலிருந்து விழுந்து போனான். அவன் தம்பி ஷாபான் நெஞ்சுவலியில். கொல்லன் அலிஷ் துருக்கிக்குப் போய் அங்கேயே செத்தான். ஸூல்ஃபியே பிரசவம் பார்க்கப் போன ஊரில் குளிர் கண்டு. ஆலங்கட்டிக்குப் பேர் வைத்த கிழவர் முராத், அவர் நீங்கள் போன அடுத்த குளிரிலேயே. இன்னும் உயிரோடு இருப்பது நஸிஃபே ஒருத்திதான்.